எட்டே எபிசோடில் நின்றுபோன 'குவார்க்' தொடரின் டிவிடியை இப்போது தேடி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். அறிவியல் புனைவும் நகைச்சுவையும் சேர்ந்த தொடர்கள் பிடிக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒன்றே ஒன்று, பைலட் எபிசோடை, அதாவது முன்னோட்டமாக எடுத்த முதல் எபிசோடை, மட்டும் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று எடுத்து வைத்துவிடாதீர்கள். இந்தத் தொடரின் உயிரே ஃபைகஸ் என்ற பாத்திரம்தான். பைலட்டில் அவன் கிடையாது.

பெயரே கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. மெல் புரூக்ஸுடன் சேர்ந்து 'கெட் ஸ்மார்ட்' தொடரை உருவாக்கிய பக் ஹென்றி, உளவாளிக் கதைகளைக் கலாய்த்ததுபோல விண்வெளிக் கதைகள் பக்கமும் வந்தார். அதுதான் 'குவார்க்'. அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சி 1977 மே மாதம் பைலட்டை ஒளிபரப்பியது. அதே மாதக் கடைசியில்தான் 'ஸ்டார் வார்ஸ்' படம் வெளிவந்தது. தொடராக ஓடியது 1978 பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. அதோடு நிறுத்திவிட்டார்கள்.

நாயகன் ஆடம் குவார்க் (ரிச்சர்ட் பெஞ்சமின்) ஒரு விண்கலத்தின் தலைவன். ஆசையெல்லாம் வீரதீரச் செயல்கள் மேல். வாய்த்ததோ குப்பை அள்ளும் வேலை. விண்வெளியில் மிதக்கும் குப்பைப் பைகளைத் தேடித் தேடிச் சேகரிக்க வேண்டும். பெர்மா ஒன் என்ற நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு ஓட்டோ பாலிண்ட்ரோம் என்ற மேலதிகாரி அவனைப் படுத்தி எடுப்பார். அவருக்கும் மேலே 'தி ஹெட்'. உடம்பே இல்லாத வெறும் தலை, திரையில் தோன்றி உத்தரவு போடும். விண்வெளிக் கதை என்றாலே போரும் பேரரசும்தான் என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தபோது, அத்தனை பேர் போடும் குப்பையை யாரப்பா அள்ளுவது என்று கேட்கத் தோன்றியதே, அதற்காகவே பக் ஹென்றியை எனக்குப் பிடிக்கும்.

சரி, ஃபைகஸ். பார்க்க மனிதன், உள்ளே முழுக்கத் தாவரம். 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் உணர்ச்சியே காட்டாமல் வரும் ஸ்பாக்கை மனதில் வைத்து உருவாக்கிய பாத்திரம் என்று பார்த்தவுடனே தெரியும். ரிச்சர்ட் கெல்டன் அதைச் செய்திருக்கும் விதம்தான் விசேஷம். முகத்தில் ஒரு கோடு அசையாது, குரலில் ஏற்ற இறக்கம் வராது. ஒரு கதையில் லிபிடோ என்ற இளவரசி (ஜோன் வான் ஆர்க்) அவனிடம் மயங்கி, உங்கள் இனத்தில் காதல் எப்படி என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிறாள். அவனும் பொறுப்பான வாத்தியார் மாதிரி சொல்லிக்கொடுக்கிறான். இரண்டு பேரும் மல்லாந்து படுத்துக் கைகால்களை மேலே தூக்கிக்கொண்டு 'பீ பீ பீ' என்று சத்தம் போடுகிறார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவள் கேட்க, தேனீ வரும்வரை காத்திருக்க வேண்டும் என்கிறான். நடிப்பவர்கள் ஒரு நொடி சிரித்திருந்தாலும் காட்சி செத்திருக்கும். இரண்டு பேரும் அதை ஒரு பூஜை போல அவ்வளவு சிரத்தையாகச் செய்கிறார்கள்.

'தி குட், தி பேட் அண்ட் தி ஃபைகஸ்' எபிசோடும் அப்படித்தான். கலம் கருந்துளைக்குள் போய் வெளியே வரும்போது ஆளுக்கொரு கெட்ட பிரதி முளைத்துவிடுகிறது. ஃபைகஸின் பிரதி மட்டும் அச்சு அசலாக அவனைப் போலவே இருக்கிறது. தாவரத்தில் நல்லது ஏது, கெட்டது ஏது! ஒற்றை வரி யோசனைதான், ஆனால் அதில் நல்ல அறிவியல் புனைவு எழுத்தாளனின் மூளை வேலை செய்திருக்கிறது. கெல்டன் அதே 1978-ல், வேறொரு தொடரின் படப்பிடிப்புக்குப் போன இடத்தில், கார்பன் மோனாக்சைடு வாயு தாக்கி இறந்துபோனார். இந்தத் தொடர் இன்னும் இரண்டு வருடம் ஓடியிருந்தால் அவரை எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கும்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆண் பாதி பெண் பாதியாக வரும் ஜீன் (டிம் தாமர்சன்) பாத்திரத்தில், ஆண் குணம் வந்தால் அடிதடி, பெண் குணம் வந்தால் பயமும் நளினமும் என்று வைத்திருப்பது இன்று உறுத்துகிறது. அடுத்து, பெட்டி (Betty) என்ற ஒரே பெயரில் வரும் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளின் நகல். நான்தான் அசல் என்று இரண்டு பேருமே உரிமை கொண்டாடும் அந்த யோசனை அருமை, ஆனால் அவர்களுக்குப் பெரும்பாலும் இறுக்கமான உடையில் நிற்கும் வேலைதான். செட்டுகளும் மலிவானவை. அது எனக்குக் குறையாகப் படவில்லை, குப்பை வண்டி பளபளவென்று இருந்தால்தான் தப்பு.

டிவிடிக்கு வருவோம். ஒளிபரப்பு நின்று முப்பது வருடம் கழித்து, 2008-ல், சோனி நிறுவனம் பைலட்டையும் சேர்த்து எட்டு எபிசோடுகளையும் வெளியிட்டது. ஒரு மணி நேர எபிசோடு ஒன்றுதான், மற்றதெல்லாம் அரை மணி நேரம். விடுமுறை நாளில் உட்கார்ந்தால் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: டிவிடிகளுக்கு உலகப் பகுதிவாரியாக 'ரீஜன்' எண் உண்டு, இது வட அமெரிக்காவுக்கான ரீஜன் 1 டிஸ்க். இந்தியா ரீஜன் 5. இங்கே விற்கும் பிளேயரில் அது ஓடாமல் போகலாம். எல்லா ரீஜனும் ஓடும் பிளேயரோ, ரீஜனை மாற்ற முடிகிற கணினி டிரைவோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்ததும் கருந்துளை எபிசோடில் ஆரம்பியுங்கள், அப்புறம் இளவரசி வரும் இரண்டு பாகக் கதை. பைலட் கடைசியில் போதும்.