அன்று காப்பாற்றியவர் இன்று ஏன் சும்மா இருக்கிறார்?

கேள்வி: 2015 வெள்ளத்தின்போது ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். டிசம்பர் 1 ராத்திரி தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டது. மாடியில் இருந்த பாய் வீட்டார் எங்களையும் இரண்டு பிள்ளைகளையும் மேலே ஏற்றிக்கொண்டார்கள். மூன்று நாள் அங்கேதான் இருந்தோம். பீரோ, வண்டி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போனது, உயிர் தப்பியது. அந்த வருஷக் கடைசி ஆராதனையில், கர்த்தர் எங்களைக் காத்தார் என்று சபை முன்னால் சாட்சி சொன்னேன். இப்போது கொளத்தூரில் இருக்கிறோம். கணவருக்கு வேலை போய் ஏழு மாதம். மகளுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டும். பாஸ்டரிடம் சொன்னால், “கர்த்தர் செய்த நன்மைகளை நினைச்சுப் பாருங்கம்மா, விசுவாசம் வரும்” என்கிறார். நினைத்துப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அன்றைக்குக் காப்பாற்றியவர் இன்றைக்கு ஏன் சும்மா இருக்கிறார்? இன்னொன்றும் உறுத்துகிறது. அடுத்த தெருவில் நடமாட முடியாத ஒரு பெரியவர் அதே ராத்திரி இறந்துபோனார். அவர் வீட்டாரும் ஜெபித்திருப்பார்கள்தானே? அப்படியென்றால் நான் சொன்ன சாட்சி பொய்யா?

பெயர் வேண்டாம், கொளத்தூர்.

பதில்:

அன்புச் சகோதரி,

“கோபம்தான் வருகிறது” என்ற வரியை ஒருமுறை அடித்துவிட்டு, பக்கத்திலேயே மறுபடி எழுதியிருக்கிறீர்கள். அடிக்காமலே விட்டிருக்கலாம். பைபிளிலேயே அப்படி எழுதி வைத்த ஒருவர் இருக்கிறார்.

சங்கீதம் 77-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாப் என்ற பாடகரின் சங்கீதம். தூக்கம் வராத ஒரு ராத்திரி. “நான் தேவனை நினைத்தபோது அலறினேன்” என்கிறார். இதே சங்கீதத்தில் பின்னால் வரும் “உம்முடைய பூர்வகாலத்து அதிசயங்களை நினைவுகூருவேன்” என்பதை நாம் வசன காலண்டரில் போட்டுக்கொள்கிறோம். அலறலை யாரும் காலண்டரில் போடுவதில்லை. உங்கள் பாஸ்டர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நேராகப் பதினோராம் வசனத்துக்குப் போய்விட்டார். நீங்கள் இன்னும் மூன்றாம் வசனத்தில் நிற்கிறீர்கள்.

நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆசாப் முதலில் நினைப்பது தன்னுடைய பழைய நாட்களைத்தான். “இராக்காலத்தில் என் சங்கீதத்தை நான் நினைத்து” என்கிறார். ஒரு காலத்தில் ராத்திரியில் பாடிக்கொண்டிருந்தேனே என்ற நினைப்பு. அந்த நினைப்பு அவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது தெரியுமா? “தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?” என்ற கேள்வியில். நல்லாயிருந்த காலத்தை நினைத்தால் யாருக்கும் இன்றைய வெறுமைதான் பெரிதாகத் தெரியும். நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2015-ஐ ஒரு ரசீது மாதிரி கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கொடுத்தீரே, இன்றைக்கும் கொடும் என்று நிற்கிறீர்கள். கொடுக்காதபோது ரசீதே எரிச்சலாகிவிடுகிறது.

அதற்கப்புறம் ஆசாப் வேறொன்றை நினைக்க ஆரம்பிக்கிறார். தன் பாட்டை விட்டுவிட்டு, இஸ்ரவேலர் கடலைக் கடந்த நாளுக்குப் போகிறார். அவர் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் நடந்தது அது. தனக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு அங்கே இல்லை, தேவன் எப்படிப்பட்டவர் என்பது மட்டும்தான். அதிலும் ஒரு வரி வருகிறது: “உமது வழி கடலிலும், உமது பாதைகள் திரண்ட தண்ணீர்களிலும் இருந்தது, உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று.” அவ்வளவு பெரிய அற்புதத்திலும் தண்ணீருக்குள் காலடித் தடம் தெரியவில்லை என்கிறார்! செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் இறங்கிய அந்த ராத்திரியில், மாடிப்படியில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஏறியபோது, கர்த்தர் வருகிறார் என்றா உங்களுக்குத் தெரிந்தது? பயம்தான் தெரிந்திருக்கும். பிறகு திரும்பிப் பார்த்தபோதுதானே சாட்சி வந்தது. ஏழு மாதமாக ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். அன்றைக்கும் தெரியவில்லை.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. விளக்கம் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். எபிரெயர் 11-ஐ மட்டும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள், பாதியில் நிறுத்தாமல். விசுவாசத்தினாலே பட்டயக்கருக்குக்கு, அதாவது வாள்முனைக்கு, தப்பினவர்கள் அதில் இருக்கிறார்கள். மூன்று வசனம் தள்ளி, பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பட்டியல்தான். “எங்களைக் காத்தார்” என்று நீங்கள் சொன்னது பொய் இல்லை. “எங்கள் விசுவாசத்தைப் பார்த்துக் காத்தார்” என்று சொல்லியிருந்தால்தான் தகராறு. நம்ம ஊர் சபைகளில் மைக்கைக் கையில் கொடுத்தவுடன் சாட்சிக்கு ஒரு வெற்றிக்கதை வடிவம் வந்துவிடுகிறது. கஷ்டம், ஜெபம், அற்புதம், கைதட்டல். அந்தப் பெரியவருக்கு அந்தக் கதையில் இடம் இல்லை, அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் உறுத்துகிறது. உறுத்தட்டும். அது நல்ல மனசாட்சி.

பெரம்பூர், அயனாவரம் பக்கம் நடந்தால் கேட்டிலோ நிலையிலோ “எபெனேசர்” என்று எழுதிய வீடு ஒன்றாவது கண்ணில் படும். “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்” என்று சொல்லி சாமுவேல் தீர்க்கதரிசி நாட்டிய கல்லின் பெயர் அது. 1 சாமுவேல் 7-இல் இருக்கிறது. வீடு கட்டி முடித்த சந்தோஷத்தில் வைக்கிற பெயர். ஆனால் அதே பெயர் நான்காம் அதிகாரத்திலும் வருகிறது. இஸ்ரவேலர் எபெனேசர் அருகே பாளயமிறங்கி, எதிரிகளான பெலிஸ்தரிடம் முதலில் ஏறக்குறைய 4,000 பேரையும் பிறகு 30,000 பேரையும் பறிகொடுத்தார்கள், உடன்படிக்கைப் பெட்டியும் பிடிபட்டது. இரண்டும் ஒரே இடம்தானா என்பதில் பண்டிதர்களுக்குள் வாதம் உண்டு. இருக்கட்டும். தோற்றுப்போன பெயரைக் கேட்டு வளர்ந்த ஜனத்தின் முன்னால்தான் சாமுவேல் அதே பெயரைக் கல்லுக்கு வைத்தார். அந்தக் கல்லைப் பார்க்கிறவர்களுக்குப் பிணங்களும் ஞாபகம் வந்திருக்கும், உதவியும் ஞாபகம் வந்திருக்கும்.

என் அம்மா சாமுவேல் அளவுக்கெல்லாம் யோசித்தவர் இல்லை. மளிகைக் கணக்கு நோட்டில்தான் எல்லாவற்றையும் எழுதுவார். அவர் போனபிறகு அந்த நோட்டைப் பார்த்தேன். “ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைத்தது. ஸ்தோத்திரம்.” அடுத்த வரி, “வளையல் அடகு, 340 ரூபாய்.” சில பக்கம் தள்ளி, “தம்பிக்கு ஜுரம் விட்டது. ஸ்தோத்திரம்.” அதற்குக் கீழே, “வளையல் மூழ்கிவிட்டது.” அதன் கீழே பால் கணக்கு. அந்த வளையல் திரும்பி வரவே இல்லை. ஆனால் அந்த வரியை அவர் அடிக்கவும் இல்லை, ஸ்தோத்திரத்துக்கென்று தனி நோட்டு போடவும் இல்லை.

உங்களுக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும் என்பேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுக்க நாம் முண்டியடிக்கிறோம். போன வருஷ அட்டையை யாராவது திரும்பக் கொண்டுவந்து, இது என்ன ஆயிற்று என்று பார்த்ததுண்டா? வருகிற நன்மையில் இருக்கிற ஆசை வந்த நன்மையில் இருப்பதில்லை. இயேசு சீஷர்களிடம் கேட்டதைப் பாருங்கள் (மாற்கு 8). படகில் ஒரே ஒரு அப்பம்தான் இருக்கிறது, அவர்கள் கவலைப்படுகிறார்கள். ‘நம்புங்கள்’ என்றா சொன்னார்? முன்பு இரண்டு முறை ஜனக்கூட்டத்துக்கு அப்பம் பங்கிட்டபோது மீதியை எத்தனை கூடை எடுத்தீர்கள் என்று எண்ணிக்கை கேட்டார். பன்னிரண்டு, ஏழு என்று சரியாகப் பதில் சொன்னார்கள். அப்படிக் கூடைக்கணக்காக எழுதுங்கள். இந்த ஏழு மாதத்தில் எந்த மாத வாடகை எப்படிக் கட்டினீர்கள், யார் கொடுத்தார்கள், எதை விற்றீர்கள், எது கிடைக்கவில்லை. கிடைக்காததையும் எழுதுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகளோடு கல்லூரிக்குப் போய், ஃபீஸைத் தவணையில் கட்டலாமா என்று எழுத்தில் கேளுங்கள். கணவருக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், வேலையிழந்தவர்களுக்கான உதவித்தொகை அவருக்கு உண்டா என்று கிளை அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். சபையில் கல்வி உதவி நிதி இருந்தால் மனு கொடுங்கள். கஷ்டத்தைப் பாஸ்டரிடம் சொன்ன நீங்கள், ஃபீஸ் எவ்வளவு என்று அவரிடம் சொன்னீர்களா? கடிதத்திலும் தொகை இல்லை. மைக்கில் நன்றி சொல்ல வராத வெட்கம், கை நீட்டும்போது எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

கடைசியாக ஒன்று. ஆசாபின் சங்கீதம் காலடி தெரியவில்லை என்பதோடு முடியவில்லை. அடுத்த வசனம், “மோசே ஆரோன் என்பவர்களின் கையால்” ஜனத்தை நடத்தினீர் என்கிறது. காலடி தெரியவில்லை, கை தெரிந்தது. மூன்று நாள் உங்கள் நான்கு பேருக்கும் சோறு போட்ட அந்த பாய் வீட்டு அம்மாவை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது? அந்த வருஷ சாட்சியில் அவரைப் பற்றிச் சொன்னீர்களா? அவர் நம்பர் உங்கள் போனில் இன்னும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம், உதவி எதுவும் கேட்காமல், எப்படி இருக்கீங்க என்று கேட்க மட்டும் கூப்பிடுங்கள். அடுத்த தெருப் பெரியவர் வீட்டார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கலாம்.