கோடைத் தத்துவ முகாம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மே மாதம் பத்து நாள் தத்துவ முகாம் நடத்துகிறோம். பிள்ளைகளுக்கு வயது 14 முதல் 17 வரை. இந்தக் கோடையோடு ஒன்பது வருடம் ஆகிறது. நடத்துவது நான்கு பெரியவர்கள், வருவது இருபத்தெட்டுப் பிள்ளைகள். கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஒரு தாய், கரூர்: அக்கா, பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தத்துவம் புரியுமா? கல்லூரியில் படிக்க வேண்டியது அல்லவா?

நாலு வயதில் "செத்தா எங்க போவாங்கம்மா?" என்று உங்கள் பிள்ளை கேட்டிருப்பானே, அங்கேயே ஆரம்பித்துவிட்டது. பிரான்சில் பள்ளியின் கடைசி வருடத்தில் தத்துவம் ஒரு பாடம். நாலு மணி நேரம் உட்கார்ந்து தேர்வு எழுதுகிறார்கள். அமெரிக்காவில் மேத்யூ லிப்மன் என்ற பேராசிரியர் கல்லூரியில் தர்க்கம் நடத்திக்கொண்டிருந்தவர். மாணவர்கள் சரியாக யோசிக்கப் பழகாமலே வருகிறார்கள், இதைச் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்று பதினொரு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு கதையே எழுதினார். 1974-இல் அதற்கென நியூ ஜெர்சியில் ஒரு மையமும் வந்தது. புரியுமா என்ற கவலை வேண்டாம். பெரியவர்கள் குறுக்கே விழாமல் இருப்பார்களா என்பதுதான் என் கவலை.

தமிழாசிரியர், அரியலூர்: எங்கள் ஊரிலும் ஆரம்பிக்க ஆசை. ஒரு நாள் எப்படிப் போகும் என்று விவரமாகச் சொல்வீர்களா?

ஐயா, இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு வட்டத்தில் பதினான்கு பேருக்கு மேல் வேண்டாம். இருபது ஆனால் ஆறு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். காலை ஏழு மணிக்கே உட்கார்ந்துவிடுவோம், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு பக்க அளவில் ஏதாவது வாசிப்போம், ஆளுக்கு ஒரு பத்தியாகச் சத்தமாக. அப்புறம் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டில் ஒரு கேள்வி எழுதித் தரையில் வைப்பார்கள். பதினான்கு சீட்டையும் எல்லாரும் சுற்றி வந்து படித்து, எதைப் பேசலாம் என்று அவர்களே கை தூக்கி முடிவு செய்வார்கள். நான் ஆசைப்பட்ட கேள்வி பெரும்பாலும் தேறாது, அதை ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும். பிறகு ஒன்றேகால் மணி நேரம் பேச்சு. மதியம் சாப்பாடு, தூக்கம், நுங்கு. மாலை நாலரைக்கு மேல் இன்னொரு சுற்று. இரவில் மொட்டை மாடியில் சும்மா பேசுவார்கள், அதில் நாங்கள் தலையிடுவதில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் கடைசிப் பத்து நிமிடம் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு யார் மனசு மாறினீங்க?" முதல் மூன்று நாள் ஒரு கையும் எழாது. நாலாம் நாள் ஒருவன் தயங்கித் தயங்கி, "அவ சொன்னதுக்கப்புறம் நான் நினைச்சது சரியில்லைன்னு தோணுது" என்பான். அங்கிருந்துதான் முகாம் தொடங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. தயவுசெய்து இதைப் பட்டிமன்றம் ஆக்கிவிடாதீர்கள். முதல் வருடம் நானே அந்தத் தவற்றைச் செய்தேன். "பொய் சொல்லலாமா கூடாதா" என்று இரண்டு அணி பிரித்தேன். நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு பையன் எதிரணியில் இருந்தவனை வாயடைக்க வைத்தான், எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தோற்ற பையன் மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அவன் சொல்ல வந்தது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெயர் சொல்லாத ஒரு தந்தை: ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு இது உதவுமா?

முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கு 250 மதிப்பெண் தாள் ஒன்று இருக்கிறது. தத்துவத்தை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். ஆனால் அதற்காக அனுப்பாதீர்கள். பத்து நாளும் "இது கேள்வித்தாளில் வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளையால் வட்டத்தில் உட்கார முடியாது.

மென்பொறியாளர், கோவை: இதனால் மதிப்பெண் கூடும் என்று ஆராய்ச்சி இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 48 தொடக்கப் பள்ளிகளில் வாரந்தோறும் இப்படிப் பேச வைத்துப் பார்த்தார்கள். வாசிப்பிலும் கணக்கிலும் அந்தப் பிள்ளைகள் சுமார் இரண்டு மாதம் முன்னே போனதாக 2015-இல் அறிக்கை வந்தது. பிறகு இதைவிடப் பெரிதாக ஒரு சோதனை செய்தபோது வாசிப்பில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. முதல் அறிக்கையை மட்டும் காட்டிக் கட்டணம் வாங்குகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சமூக அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர்: மேடம், ஓடிவரும் டிராலியை அப்படியே விட்டால் தண்டவாளத்தில் ஐந்து பேர் சாவார்கள், திருப்பிவிட்டால் ஒருவர் சாவார், என்ன செய்வாய் என்ற கதையைச் சொன்னால் பிள்ளைகள் "பிரேக் போடச் சொல்லுங்க" என்று சிரிக்கிறார்கள். வேறு கதை உண்டா?

அது 1967-இல் பிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் கருக்கலைப்பு பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு சின்ன எடுத்துக்காட்டாக வந்தது. நம் பிள்ளைகள் அந்த வண்டியைப் பார்த்ததில்லை. நான் எடுப்பது மனுநீதிச் சோழனை.

தெரிந்த கதைதானே என்று அலட்சியமாக உட்காருவார்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: இளவரசன் வேண்டுமென்றா ஏற்றினான்? பெரியபுராணத்தில் கன்றுதான் துள்ளிவந்து தேர்க்காலில் விழுகிறது. அப்படியானால் அது குற்றமா, விபத்தா? அப்புறம் பலருக்குத் தெரியாத ஒரு இடம். மகன்மேல் தேரை ஏற்றும்படி அரசன் முதலில் ஆணையிடுவது அமைச்சருக்கு. அவர் அதைச் செய்ய மனமில்லாமல் தம் உயிரையே விட்டுவிடுகிறார். அதன் பிறகுதான் அரசன் தானே தேரேறுகிறான். அமைச்சரின் உயிருக்கு யார் பொறுப்பு? செய்ய மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாமா?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெண் ஐந்து நாளாக வாயே திறக்கவில்லை. இந்தக் கதையில்தான் பேசினாள். "பசுவுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களா? இன்னொரு அம்மாவோட பிள்ளையும் சாகணும்னா அது மணி அடிச்சுச்சு?" வட்டத்தில் சத்தமே இல்லை. அந்த நேரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், எதுவும் சொல்லாமல் இருந்தது.

வழக்கறிஞர், மதுரை: அம்மா, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சிலை இருக்கிற மன்னரை இப்படிக் கூண்டில் ஏற்றலாமா? தன் மகனானாலும் சட்டம் ஒன்றுதான் என்பதல்லவா கதை?

அந்த நேர்மை பெரியது ஐயா. அதைப் பிள்ளைகளும் மறுப்பதில்லை. அவர்கள் பிரித்துப் பார்ப்பது வேறு. மகனுக்கும் மற்றவனுக்கும் ஒரே தண்டனை என்பது ஒரு கேள்வி, அந்தத் தண்டனை தவறுக்குத் தகுந்ததா என்பது இன்னொரு கேள்வி. தெரியாமல் நேர்ந்ததையும் தெரிந்தே செய்ததையும் நீங்கள் வாதாடுகிற சட்டமே பிரித்துத்தான் பார்க்கிறது. போன வருடம் ஒரு பையன் இன்னும் மேலே போனான்: "தேரோட்டினவன் வேற யாரோட பிள்ளையாவது இருந்தா, ராஜா மன்னிச்சு விட்டிருப்பாரா?" மன்னித்திருப்பார் என்றால் மகனுக்கு மட்டும் ஏன் கடுமை? இதற்கு உங்களைப் போன்ற ஒருவர் எங்கள் வட்டத்தில் உட்கார்ந்து பதில் தேடினால் நன்றாக இருக்கும்.

ஆசிரியர், யாழ்ப்பாணம்: வணக்கம் ரீச்சர். இதே கதை மகாவம்சத்தில் எல்லாளன் பேரில் வருகிறது. கவனித்தீர்களா?

கவனித்தேன், நீங்கள் எழுதியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லாளன் அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன், மகாவம்சம் இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூல். அவனோடு போரிட்ட எதிர்த்தரப்பார் எழுதிவைத்த நூலே அவனை நீதி தவறாதவன் என்று சொல்கிறது. அதையே ஒரு நாள் முழுக்கப் பேசலாம். அங்கேயும் மணி, பசு, தேர்ச்சக்கரம் எல்லாம் உண்டு. ஆனால் மகன் திரும்ப எழுவதில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் முன் கண்ணகி இந்தக் கதையைச் சொல்லும்போதும், மகனை இழந்த அரசன் என்பதோடு நிறுத்திவிடுகிறாள். பெரியபுராணத்தில்தான் சிவபெருமான் அருளால் கன்றும் மகனும் அமைச்சரும் எழுகிறார்கள். மூன்றையும் அடுத்தடுத்து வாசிக்கக் கொடுங்கள்.

இல்லத்தரசி, திருவாரூர்: இது எங்கள் ஊர்க் கதை. கடைசியில் எல்லாரும் பிழைத்துவிட்டார்களே, அப்புறம் என்ன வழக்கு?

எங்கள் ஊர்க் கதை என்று நீங்கள் எழுதிய உரிமையோடே படித்தேன். பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எல்லாரும் பிழைப்பார்கள் என்று அரசனுக்கு முன்பே தெரிந்திருந்தால், அவன் செய்தது அதே செயலாக இருந்திருக்குமா?

இந்தக் கதையைப் பற்றி மட்டும் இன்னும் பதினொரு கடிதம் வந்திருக்கிறது. எல்லாம் படித்தேன். சிலது சூடாக இருந்தன, இருக்கட்டும். ஆனால் பதினொன்றில் ஒன்றிலாவது "நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன்" என்று ஒரு வரி இல்லை. முகாமில் நாங்கள் படாத பாடு படுவது அந்த ஒரு வரிக்காகத்தான். மற்ற கேள்விகளுக்குப் போகிறேன்.

ஆய்வு மாணவர், சென்னை: முப்பது வயதுக்கு முன் தர்க்கம் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று பிளேட்டோவே சொல்லியிருக்கிறாரே?

சொல்லியிருக்கிறார். இளைஞர்கள் வாதத்தின் ருசி கண்டால், நாய்க்குட்டிகள் கிடைத்ததைக் கடித்து இழுப்பதுபோல எல்லார் பேச்சையும் பிய்த்துப்போடுவார்கள், கடைசியில் எதையும் நம்பாமல் போவார்கள் என்பது அவர் பயம். அந்தப் பயம் நியாயமானது, என் முதல் வருடத்தில் நடந்ததும் அதுதான். ஆனால் முப்பது வரை காத்திருப்பது இன்றைக்கு நடக்காது. கடித்து இழுக்கும் பழக்கம் கைபேசி வழியாகப் பன்னிரண்டு வயதிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பட்டிமன்றம் வேண்டாம். எங்கள் வட்டத்தில் ஒருவரை மறுப்பதற்கு முன், அவர் சொன்னதை அவரே "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஒரு தந்தை, நாமக்கல்: சாமி கும்பிடுவதை விட்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

நாங்கள் எந்தப் பக்கமும் இழுப்பதில்லை. புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாட்டு ஒன்று வாசிப்போம். ஒரு வீட்டில் சாவுப்பறை, ஒரு வீட்டில் கல்யாண முழவு. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று சொல்லிவிட்டு, உலகம் துன்பமானதுதான், ஆனாலும் இனியதைத் தேடிக் காணுங்கள் என்று முடிக்கிறார். அதைப் படித்துவிட்டு அன்று மாலையே கோயிலுக்குப் போன பிள்ளைகளும் உண்டு, போகாதவர்களும் உண்டு.

இரண்டு பேர்: தமிழிலேயே நடத்த நூல் இருக்கிறதா?

நிறைய. மணிமேகலை வஞ்சி நகரில் பத்துச் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் கண்டதே உண்மை என்கிற பூதவாதியிடம், உன் தாய் தந்தை யாரென்று அனுமானம் இல்லாமல் எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். பதினைந்து வயதுக்காரர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். 29-ஆம் காதையில் தர்க்கப் பிழைகளின் பட்டியலே இருக்கிறது, அது கடினம், ஆசிரியருக்கு மட்டும். நன்மை தருமானால் பொய்யும் மெய்யாகும் என்கிற குறளையும், கொலைகாரன் கேட்டாலும் பொய் சொல்லாதே என்கிற ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட்டையும் எதிரெதிரே வையுங்கள். முகாம் முடிந்தும் தொடர நினைப்பவர்களுக்கு, மேல்நிலையில் ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ என்றொரு பாடமும் இருக்கிறது.

ஐந்து பேர்: சான்றிதழ் உண்டா?

கிடையாது.

நான்கு பேர்: நீட், ஐ.ஏ.எஸ்....

மேலே சொல்லிவிட்டேன். கொஞ்சம் படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு தாய், ஈரோடு: பெண் பிள்ளையைப் பத்து நாள் தங்க அனுப்பலாமா?

எங்களிடம் என்றில்லை, எந்த முகாமானாலும் இவற்றைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். இரவில் தங்கும் பெண் பொறுப்பாளர்கள் எத்தனை பேர்? ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனி அறையில் இருக்க அனுமதி உண்டா? பிள்ளை நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் பேச முடியுமா? தயங்காமல் பதில் வராத இடத்துக்கு அனுப்ப வேண்டாம். தத்துவம் அடுத்த வருடமும் கிடைக்கும்.

ஒரு தந்தை, சேலம்: ஏற்கெனவே எதிர்த்துப் பேசுகிறான். இன்னும் கூடுமா?

முதல் வாரம் கூடும். ஒரு பையனின் அப்பா ஜூனில் தொலைபேசினார். "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, ‘இதானேப்பா சொல்றீங்க’ன்னு கேட்டுட்டு அப்புறம்தான் சண்டை போடுறான்" என்றார். எனக்கு அது போதும்.

பதினாறு வயது, ஊர் வேண்டாம்: அக்கா, வீட்டில் அனுப்ப மாட்டார்கள். கோச்சிங் இருக்கிறது. நான் என்ன செய்வது?

தம்பியோ தங்கையோ, உனக்கு முகாம் வேண்டியதில்லை. மூன்று பேரைச் சேர்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், மொட்டை மாடியோ திண்ணையோ எதுவானாலும் சரி. நன்கணியார் பாட்டில் ஆரம்பி, புறநானூற்றில் 194. சத்தமாக வாசியுங்கள், இரண்டு நிமிடம் சும்மா இருங்கள், ஆளுக்கொரு கேள்வி எழுதுங்கள். கைபேசி எல்லாம் ஒரு ஓரத்தில் கிடக்கட்டும். நான்கு வாரம் கழித்து, எந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டீர்கள் என்று எனக்கு எழுது. சான்றிதழ்க் கேள்விகளுக்கு முன்னால் உன் கடிதத்தைத்தான் படிப்பேன்.