நான்காம் தூக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்குச் சொந்த ஊர் போச்சம்பள்ளி. ஓசூரில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, எட்டு மாதங்களாக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இருக்கிறேன். இங்கே எல்லாமே மெதுவாக நடக்கின்றன. வீட்டுக்கு இணைய இணைப்பு வர ஐந்து வாரம் ஆனது. அரசு அலுவலகத்தில் நேரம் கிடைக்க இரண்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் அடைத்துக் கிடக்கின்றன. அன்று அலமாரி மாட்டச் சுவரில் துளையிட்டதற்குக் கீழ்வீட்டு முதியவர் மாடியேறி வந்து கண்டித்தார். என் அப்பா முப்பது ஆண்டுகளில் ஒரு நாளும் தம் மளிகைக் கடையை அடைத்ததில்லை. அவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தச் சோம்பேறித்தனம் சகிக்கவில்லை. ஜெர்மனியில் உங்கள் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியபோது இந்த வேகத்துக்கு நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?

இரா., ஸ்டுட்கார்ட்

அன்புள்ள இரா.,

உங்கள் கடிதம் வந்த அன்று, என் அம்மாவின் மூங்கில் தட்டுகளைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் இறந்து ஓராண்டு ஆகிறது. தட்டுகளைத் தூக்கிப் போடவும் மனமில்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அந்த நிலையில் படித்ததால் இந்தப் பதில் சற்று நீளக்கூடும்.

இணைய இணைப்பைப் பற்றியும் அரசு அலுவலகத்தைப் பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. காகிதங்கள் தேங்குவது அங்கேயும் குறைதான். ஜெர்மானியர்களே அதைக் குறையென்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தாமதத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் ஒரே மூட்டையில் கட்டி, அதன்மேல் சோம்பேறித்தனம் என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது. ஒரு நாட்டில் எட்டு மாதம் சம்பளம் வாங்கியவர், அந்த நாட்டுக் கடைகள் ஏன் அடைத்திருக்கின்றன என்று ஒருவரிடமாவது கேட்டிருக்க வேண்டாமா?

அங்கே ஞாயிற்றுக்கிழமைக்கு அரசியல் சாசனத்தின் காவல் உண்டு. 1919 ஆம் ஆண்டின் வைமர் அரசியல் சாசனம் தன் 139 ஆம் பிரிவில் அந்த நாளை ஓய்வு நாளாகப் பாதுகாத்தது. 1949 இல் இயற்றப்பட்ட இன்றைய அடிப்படைச் சட்டமும் 140 ஆம் பிரிவின் வழியாக அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடைகளைத் திறக்கலாம் என்று பெர்லின் மாநிலம் அனுமதித்தபோது, தேவாலயங்கள் தொடுத்த வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 டிசம்பரில் அந்த அனுமதி செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பில் வழிபாட்டைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. எல்லோருக்கும் ஓய்வு ஒரே நாளில் வாய்த்தால்தான் குடும்பமும் நட்பும் பொதுவாழ்வும் ஒன்றுகூட முடியும் என்ற கருத்தும் இருக்கிறது. மகள் இதை விளக்கியபோது எனக்கு வியப்பு எழவில்லை. பத்து வயதில் அம்மாவிடம் அடி வாங்கிக் கற்ற பாடம் அது.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தோம். ஒரு தாய்ப்பூச்சி இட்ட முட்டைகள் ஒரு தொகுதி. அப்படி நூறு தொகுதி வாங்கினால் ஏறத்தாழ 40,000 புழுக்கள். இருபத்தைந்து நாள் வாழ்வில் அவை நான்கு முறை தோலுரிக்கும். அதற்கு முன் தின்பதை நிறுத்தி, தலையைச் சற்றே தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அதை நாங்கள் தூக்கம் என்போம். கடைசித் தூக்கம் ஒரு நாளோ அதற்குச் சற்று மேலோ நீளும். அதுவரை மழை பெய்வதுபோல் இலை தின்னும் ஓசை கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் திடீரென்று ஓசை அடங்கிவிடும். அம்மா படுக்கைமேல் சுண்ணாம்புத் தூளைத் தூவி உலரவிட்டு, எங்களையும் தாழ்ந்த குரலில்தான் பேசச் சொல்வார்.

எல்லாப் புழுக்களும் ஒரே நேரத்தில் எழுவதில்லை. சில முன்னதாகவே புதுத் தோலோடு எழுந்து, பசியில் தலையாட்டி இலை தேடும். அவற்றுக்கு உடனே இலை போடக்கூடாது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது எழும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு விடியற்காலையில் நான் இரக்கப்பட்டு, அம்மா எழுமுன் நான்கு தட்டுகளுக்கு இலை தூவிவிட்டேன். முன்னே எழுந்தவை தின்று கொழுத்தன. தூங்கிக்கொண்டிருந்தவை இலைக்கடியில் புதைந்தன. பிறகு அந்தத் தட்டுகளில் எதுவும் ஒன்றுபோல் வளரவில்லை. சில கூடு கட்டத் தொடங்கியபோது சில இன்னும் தின்றுகொண்டிருந்தன. முதிர்ந்த புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவை கூடு கட்டும் மூங்கில் தட்டியான சந்திரிகையில் விட அம்மா நான்கு இரவுகள் கண் விழித்தார். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் பெருங்கூடும் சிறுகூடுமாகக் கலந்து கிடந்த அந்தக் குவியலை ஏலத்தில் மிகக் குறைந்த விலைக்கே கேட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னை அடித்துவிட்டு, பிறகு அவரும் அழுதார். “முழிச்சதுக்கு ஒரு வேளை பசிதான். முழிக்காததுக்கு ஆயுசுக்கும் குறை” என்றார்.

ஸ்டுட்கார்ட்டில் துளைக்கருவியோடு நின்ற உங்களை நான் அந்தப் பத்து வயதுச் சிறுமியாகவே பார்க்கிறேன். உங்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. நீங்கள் விழித்திருந்தீர்கள், அவ்வளவுதான்.

நம்மிடம் இந்த அறிவு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுவதும் அடைத்திருக்க வேண்டும், அது எந்த நாள் என்பதைக் கடைக்காரர் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று நம் 1947 ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டமே சொல்லியிருந்தது. 2019 இல் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும் இரவு பகலாகத் திறந்திருக்கலாம் என்று அரசாணை வந்தது. ஊழியர்களுக்கு முறைவைத்து வார விடுப்பு உண்டுதான். ஆனால் மனைவிக்குச் செவ்வாயும் கணவனுக்கு வியாழனும் பள்ளிப் பிள்ளைக்கு ஞாயிறும் விடுமுறையாக வாய்த்த வீட்டில் மூவரும் சேர்ந்து எந்த நாளில் உண்பார்கள்? நாள் முழுவதும் நிற்கும் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021 இல் நாம் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. நீங்கள் பெருமையோடு சொல்லும் நம் வேகம், அப்படி நின்றவர்களின் கால்வலியின்மேல் ஓடிய வேகம்.

எப்படிப் பழகுவது என்று கேட்டிருந்தீர்கள். பாலையும் ரொட்டியையும் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு முறைவைத்து ஏதேனும் ஒரு மருந்துக்கடை எப்போதும் திறந்திருக்கும். மாடிப்படி கூட்டும் முறை உங்களுக்கு வரும் வாரத்தில் அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். கீழ்வீட்டு முதியவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவர் நடக்கக்கூடியவரென்றால் ஞாயிறு பிற்பகலில் நகருக்குள்ளேயே இருக்கும் திராட்சைத் தோட்டச் சரிவுகளுக்கு உங்களை அழைத்துப் போகச் சொல்லுங்கள். நீங்கள் தனியாக இருப்பதுதான் என்னை வருத்துகிறது. கடைகள் அடைத்திருப்பது அல்ல.

இன்னொன்று. உங்கள் ஊர்ச் சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமை. அன்று அப்பாவுக்கு மூச்சுவிடவும் நேரமிருக்காது. திங்கட்கிழமை அவரை அழைத்து, இந்த முப்பது ஆண்டுகளில் எந்த நாளிலாவது கடையை அடைக்க அவர் ஆசைப்பட்டதுண்டா என்று கேளுங்கள். உங்கள் அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள். இருவரும் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.