வாய்தாவுக்கு நடுவே தூக்கம்

கேள்வி: பூர்வீக வீட்டுப் பாக வழக்கு ஆறு வருஷமாக வாய்தாவிலேயே ஓடுகிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழித்தால் விடியும்வரை அதே யோசனை. மனசைத் திடப்படுத்துவது எப்படி?
- வாசகி, காரைக்குடி

பதில்: தீர்ப்பு வந்தால்தான் நிம்மதி என்று மனசை அடகு வைத்துவிட்டீர்கள், ஆச்சி. கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள்: மாலை 5 மணி, முகப்பில் உட்கார்ந்து 20 நிமிஷம். நோட்டில் நடுக்கோடு போட்டு, ஒருபக்கம் உங்கள் கையில் இல்லாதவை (பங்காளியின் பிடிவாதம் இங்கேதான்), மறுபக்கம் கையில் உள்ளவை: பத்திர நகல் எடுப்பது, ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஓடு மாற்றுவது. இதில் ஒன்றையாவது மறுநாளே முடியுங்கள். வேறு நேரத்தில் கவலை வந்தால் ‘அஞ்சு மணிக்குப் பார்ப்போம்’ என்று தள்ளுங்கள்.

பலர் இதைப் படுக்கையில் செய்து கெடுத்துக்கொள்கிறார்கள். படுக்கை என்றாலே விழிப்பு என மூளை பழகிவிடும். அதனால் உத்தேசமாக 20 நிமிஷத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் எழுந்துவிடுங்கள். கடிகாரம் பார்க்காதீர்கள். மங்கிய வெளிச்சத்தில் 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள். கண் சொக்கிய பிறகே படுங்கள்.

வக்கீலுக்குத் தினம் போன் எதற்கு? சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தரும் தனி அடையாள எண்) போட்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதி தெரியும். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.