சனசமூக நிலைய வெப்சைட்டுக்கு கிட் சிஎம்எஸ் சரிவருமோ?

கேள்வி: எங்கட ஊர் சனசமூக நிலைய வெப்சைட் வேர்ட்பிரஸ்ல இருந்தது, ப்ளகின் அப்டேட் பண்ணாமல் விட்டு ரெண்டு தரம் ஹக் பண்ணிப்போட்டாங்கள். கனடாவில இருக்கிற தம்பி ஒராள் ஹியூகோவும் (எழுதினதை வெப் பேஜாக்கிற சொப்ட்வெயர்) டெகாப் சிஎம்எஸ்ஸும் (ப்ரவுசர்ல செய்தி எழுதிப் போடுற கருவி) போடுவம் எண்டுறார். எழுதிறது ரிட்டயர்ட் ஆன ரெண்டு ரீச்சர்மார், அவைக்கு கிட் எண்டா என்னெண்டே தெரியாது. சரிவருமோ?

பதில்: ஓம், தாராளமா. ரீச்சர்மாருக்கு கிட் (பைலில செய்யிற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கிற சொப்ட்வெயர்) தெரியத் தேவையில்ல, ப்ரவுசர்ல தலைப்பு, திகதி, செய்தி எண்டு போர்ம் நிரப்புற மாதிரி நிரப்பி பப்ளிஷ் அமத்தினா டெகாப் அதை ஒரு மார்க்டவுன் பைலாக்கி (சாதாரண எழுத்துப் பைல்) கிட்ஹப்பில (கிட் பைல்களை ஒன்லைனில வைக்கிற சேவை) கொமிட் பண்ணிவிடும், அதாவது சேமிச்சுவிடும், பேந்து ஹியூகோ பேஜைக் கட்டி வெளியில விடும். சைட்டில டேட்டாபேஸ் இல்ல, பிஎச்பி (சேர்வரில ஓடுற புரோகிராம்) இல்ல, நீங்க பட்ட ப்ளகின் ஓட்டையும் இல்ல. ஆனா கிட்ஹப் எக்கவுண்ட் பறிபோனா சைட்டே போச்சு, அதால டூ ஃபக்டரை (பாஸ்வேர்ட்டுக்கு மேல போனில ஒரு கோடும் கேக்கிற பூட்டு) ரெண்டு பேற்ற போனிலயும் நீங்களே பக்கத்தில இருந்து போட்டுக் குடுங்கோ. ரெப்போவை (சைட்டின்ர பைல் எல்லாம் கிட்ஹப்பில இருக்கிற இடம்) தம்பியின்ர சொந்த எக்கவுண்டில வைக்காதேங்கோ, நிலையத்தின்ர பேரில கிட்ஹப்பில ஒரு ஓர்கனைசேஷன் (பொது எக்கவுண்ட்) திறந்து அதில வையுங்கோ, காசில்ல.

இனி நான் பட்டதைச் சொல்லுறன். ஒரு ஊர்ச் சைட்டில விடிய 6 மணிக்கு மரண அறிவித்தல் போட்டம், பில்ட் (ஹியூகோ பேஜைக் கட்டுற வேலை) சரி எண்டு பச்சை காட்டுது, எரர் ஒண்டும் இல்ல, சைட்டில மட்டும் அறிவித்தலைக் காணேல்ல, லண்டனில இருந்து சொந்தக்காரர் கோல் எடுத்து கிரியை எத்தினை மணிக்கு எண்டு கேட்டபடி. திகதியோட டைம்சோன் இல்லாட்டி ஹியூகோ அதை யூடிசி (உலகப் பொது நேரம்) எண்டுதான் எடுக்கும், நாங்கள் 5.30 மணித்தியாலம் முன்னுக்கு நிக்கிறம், அப்ப 6 மணி எண்டு எழுதினது அதுக்கு எங்கட பகல் 11.30. வராத நேரத்துப் பதிவை ஹியூகோ சத்தமில்லாமல் விட்டிடும், 11.30 தாண்டினாலும் திரும்ப ஒருக்கா பில்ட் ஓடினாத்தான் வரும். ஹியூகோ கொன்பிக்கில (செட்டிங்ஸ் பைல்) டைம்சோனை ஏசியா/கொழும்பு எண்டு முதல் நாளே போடச் சொல்லுங்கோ. சனம் எங்கட சைட்டைத் திறந்து பாக்கிறதே உந்த அறிவித்தலுக்குத்தான், அது பிந்தக் கூடாது.

அடுத்தது படம். திருவிழாப் படங்களை போனில எடுத்தபடியே 5 எம்பி, 6 எம்பி எண்டு ஏத்தினா ரெப்போ வீங்கிப்போகும், பேந்து அழிச்சாலும் கிட் பழசை ஹிஸ்டரியில வைச்சிருக்கும், குறையாது. கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட பைலை ஏத்த விடாது, கிட்ஹப் பேஜஸ்ல (கிட்ஹப்பே சைட்டை வெளியில விடுற சேவை) சைட் முழுக்க 1 ஜிபிக்குள்ள நிக்கவேணும். செய்திக்கு ஒரு படம், அதையும் சின்னதாக்கிப் போடுங்கோ, அல்பத்தை கிளவுடினரியில (படம் வைக்கிற ஒன்லைன் சேவை) வையுங்கோ, டெகாப்போட அதை இணைக்கலாம்.

பைல் பேரைத் தமிழ்த் தலைப்பில இருந்து எடுக்க விடாதேங்கோ, அந்தப் பேர்தான் லிங்கிலயும் வரும். 'கு' எண்ட ஒரு எழுத்தே யூடிஎஃப் 8ல (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற முறை) 6 பைட், லிங்கைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில போட்டா ஒவ்வொரு பைட்டும் % போட்ட 3 எழுத்தாகி அது கனக்க இடத்தில 18 எழுத்தா விரியும், ஒரு தலைப்பு முழுக்க அப்பிடி வந்தா வயசான ஆக்கள் வைரஸ் லிங்க் எண்டு பயந்து தொடமாட்டினம். திகதியும் இங்கிலிஷில ஒரு சின்னச் சொல்லும் போதும்.

முதல் கிழமை ரீச்சர்மாரோட இருந்து ஒரு அறிவித்தலைப் போட்டு, பேரில ஒரு எழுத்தைப் பிழையா விட்டு, திருத்தி, திருப்பிப் போட்டுப் பழக்குங்கோ. மாற்றம் சைட்டில வர ரெண்டொரு நிமிஷம் எடுக்கும் எண்டதையும் அப்பவே சொல்லிவிடுங்கோ, இல்லாட்டி அவை பப்ளிஷைத் திரும்பத் திரும்ப அமத்துவினம்.