வாசகர் கேள்வி பதில்: வீட்டு வேலையும் எழுதி வைக்காத பேச்சும்

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தின் மூன்று வீடுகளிலிருந்து வந்தவை. மூன்றும் வீட்டு வேலை பற்றியவை என்பதால் ஒன்றாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு வீட்டில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சேர்ந்தபோது பேசியது, காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை கூட்டுவது, துடைப்பது, துணி துவைப்பது, மதியச் சமையல். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்தது. அன்றிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது, பெம்பஸ் (டயப்பர்) மாற்றுவது, சக்கர நாற்காலிக்குத் தூக்கி வைப்பது எல்லாம் என் பொறுப்பு. கிளம்ப மாலை 5 ஆகிவிடுகிறது. ஞாயிறு மட்டும் விடுமுறை. சம்பளம் 100 வெள்ளிதான் (ரிங்கிட்) கூடியது. கேட்டால், "நீ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி" என்கிறார் அம்மா. சென்ற மாதம் பெரியவரைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் 5 நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தார். அந்த 5 நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டம் எனக்கு உதவுமா? வேலையை இழக்காமல் எப்படிக் கேட்பது?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: சகோதரி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தபோது, சேவகர் என்ற பொருள் தந்த பழைய சொல் நீக்கப்பட்டு, உங்களைப் போன்றவர்களுக்கு 'வீட்டுப் பணியாளர்' என்ற பெயர் கிடைத்தது. பெயர் மாறியதே தவிர, அச்சட்டத்தின் எந்தெந்தப் பகுதிகள் உங்களுக்குப் பொருந்தா என்று சொல்லும் அட்டவணை பெரிதாக மாறவில்லை. வேலை நேரம், வார ஓய்வு நாள், பொது விடுமுறை, நோய் விடுப்பு, பிரசவ விடுப்பு ஆகியவை இன்றும் அந்த அட்டவணைக்குள்தான் அடைபட்டுக் கிடக்கின்றன. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளமும் வீட்டுப் பணியாளரைச் சேராது. ஆகவே, பிடிக்கப்பட்ட 5 நாள் சம்பளத்தை நோய் விடுப்பு என்ற பெயரில் நீங்கள் கேட்டு வாங்க முடியாது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில்.

ஆனாலும் நீங்கள் வெறுங்கையோடு இல்லை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற விதி உங்களுக்கும் உண்டு. வேறு ஏற்பாடு பேசப்படாதிருந்தால், உங்களை வேலையை விட்டு நிறுத்த 14 நாள் முன்னறிவிப்போ, 14 நாள் சம்பளமோ கொடுத்தாக வேண்டும். நீங்களாக விலகினாலும் அதே கணக்குதான். பேசிய சம்பளம் வரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் நீங்களே புகார் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட உங்கள் இடுப்புக்குத் தேவையானது சொக்சோ, அதாவது தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 2021 ஜூன் 1 முதல் வீட்டுப் பணியாளர்களும் அதன் பாதுகாப்புக்குள் வந்துவிட்டார்கள். பதிவு செய்து சந்தா கட்டுவது முதலாளியின் கடமை. வேலையில் நேர்ந்த விபத்தால் 4 நாளுக்குக் குறையாமல் எம்சி கிடைத்தால், அந்த நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காட்டை சொக்சோ கொடுக்கும். உங்களுக்குக் கிடைத்தது 5 நாள் எம்சி என்பதால், இது உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்ட விதி என்று சொல்லலாம். உங்கள் பெயர் பதிவில் இருக்கிறதா என்று அடையாள அட்டையை (மைகார்டை) எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். இனி இப்படி ஏதும் நேர்ந்தால் தேதி, நேரம், எப்படி நேர்ந்தது என்பதை அன்றே எழுதி வையுங்கள். டாக்டரிடம் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாமல், "வேலை செய்யும் வீட்டில் நோயாளியைத் தூக்கும்போது வந்தது" என்று முழுமையாகச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் பேசப் போகும்போது சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள். முன்பு ஒரு நாளைக்கு 6 மணி நேரம், இப்போது 9 மணி நேரம். மாதம் 26 நாளுக்கு 78 மணி நேரம் கூடியிருக்கிறது. அதற்குக் கிடைத்த 100 வெள்ளியை வகுத்துப் பார்த்தால் மணிக்கு 1 வெள்ளி 28 காசு. 'வீட்டுப் பிள்ளை' என்று அவர் மனதார அன்போடு சொல்லியிருக்கலாம், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இடுப்பு பிடித்திருந்தால் அவர் கணக்குப் பார்த்திருக்க மாட்டார் அல்லவா?

பெரியவரின் காதில் விழாத இடமாகவும், சம்பள நாளாக இல்லாத ஒரு நாளாகவும் பார்த்துப் பேசுங்கள். வீட்டு வேலை வேறு, நோயாளி பராமரிப்பு வேறு என்று இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் முக்கியம். நம் ரப்பர் தோட்டங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவிடம் யாரும் பால்மரம் வெட்டவும் சொன்னதில்லை. ஒருவருக்கு ஒரு வேலை என்பது நமக்குப் புதிய சங்கதி அன்று. வேலை நேரம், வீட்டு வேலைக்கு இவ்வளவு, பராமரிப்புக்கு இவ்வளவு, எம்சி நாளில் என்ன, பெருநாளில் என்ன என்று ஒரே தாளில் தமிழிலேயே எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் தராத ஓய்வு நாளையும் நோய் விடுப்பையும் இந்தத் தாள் தரலாம்.

தூக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரியவரின் பிசியோதெரபி நாளில் நீங்களும் உடன் போய், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் முறையை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். நாற்காலியை அவருடைய வலுவுள்ள பக்கத்தில் போட்டு பிரேக்கைப் பூட்டுவது, அவர் பாதம் இரண்டும் தரையில் பதியும்படி உட்காரவைத்து உடலை முன்னே சாய்க்கச் சொல்வது, நீங்கள் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி நிற்பது, அக்குளில் கைகொடுத்து இழுக்காமல் இடுப்பு வாரைப் பிடித்து எழுப்புவது ஆகியவற்றைப் பழகிவிட்டால் பாதிப் பாரம் குறையும். அப்படியும் அவரால் காலூன்ற முடியாத நாளில் தனியாக முயலாதீர்கள். இரண்டாவது ஆளைக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: எங்கள் வீட்டில் 6 ஆண்டுகளாக ஓர் அக்கா வேலை செய்கிறார். மாதம் 1,200 வெள்ளி கொடுக்கிறோம். அவருக்கு வயது 54. இதுவரை எங்கேயும் சந்தா கட்டியதில்லை. வீட்டு வேலைக்கு சொக்சோவும், ஓய்வுக்காலச் சேமநிதியான இபிஎஃப்பும் தேவையில்லை என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், பாயான் பாரு

பதில்: பாதி உண்மை. இபிஎஃப் வீட்டுப் பணியாளருக்குக் கட்டாயமில்லை. அவர் விரும்பினால் அதற்குரிய பாரத்தை நிரப்பிக் கொடுத்துச் சந்தா கட்டத் தொடங்கலாம். சொக்சோ அப்படியன்று. வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே தாமதித்துவிட்டீர்கள்.

அந்த அக்காவின் வயதைப் பாருங்கள். 55 வயதுக்கு முன் ஒருமுறைகூடச் சந்தா கட்டாதவர், அதற்குப் பிறகு பதிவு செய்தால் இரண்டாம் பிரிவில்தான் சேர்க்கப்படுவார். அந்தப் பிரிவில் வேலை விபத்துக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு; நோயால் உழைக்க முடியாமல் போனால் உதவும் இயலாமைத் திட்டம் கிடையாது. 55 நிறைவதற்குள் பதிவு செய்தால் முதல் பிரிவில் இரண்டும் உண்டு. அவருடைய சம்பளத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியது மாதம் சுமார் 20 வெள்ளி, அவர் பங்கு சுமார் 6 வெள்ளி. அந்த 6 வெள்ளியையும் அவர் சம்பளத்தில் குறைத்துவிட்டதாகத் தோன்றாதபடி, முன்கூட்டியே உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள். பிறந்த நாளுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இந்த ஆண்டு அதற்கு முன் சொக்சோ பதிவை முடித்துவிடுங்கள்.

கேள்வி: தைப்பூசத்தன்று நான் வேலை செய்யும் வீட்டு அம்மா தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் நான் சமைத்து வைத்திருக்க வேண்டும். எனக்கும் நேர்த்திக்கடன் இருக்கிறது. விடுமுறை கேட்டால் சம்பளத்தைப் பிடிப்பேன் என்கிறார். பொது விடுமுறை எனக்கு இல்லையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதல் பதிலில் சொன்ன அட்டவணைப்படி, பொது விடுமுறையை நீங்கள் சட்டத்தின் பேரில் கேட்க முடியாது. தீபாவளி, தைப்பூசம், பொங்கல் என்று உங்களுக்கு வேண்டிய நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்து, சம்பளத்தோடு விடுமுறை என்று ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். இந்த ஆண்டுக்கு, முதல் நாள் இரவே குழம்பும் பொரியலும் செய்து வைத்துவிட்டு, விடியற்காலை ஃபெர்ரியைப் பிடித்து உங்கள் பால்குடத்தை எடுத்துவிடுங்கள். சோறு வடிக்க அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.