ஏழு வருஷத்தில் ஆப்டோமெட்ரி: கேட்டவர்களுக்குப் பதில்

நான் அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதித்து, கண் நோய்களைக் கண்டுபிடித்து மருந்து எழுதுகிறவள். இளங்கலை மூன்று வருஷம், ஆப்டோமெட்ரி நாலு வருஷம் என்று 'மூன்று பிளஸ் நாலு' திட்டத்தில் படித்து ஓ.டி. என்ற ஆப்டோமெட்ரி டாக்டர் பட்டம் வாங்கியவள். இப்போது பென்சில்வேனியாவில் கிளினிக். பொங்கல் விழா, பிறந்தநாள் விருந்து என்று எங்கே போனாலும் தட்டில் சாப்பாடு ஆறுவதற்குள் இந்தத் திட்டத்தைப் பற்றி நாலு பேராவது கேட்டுவிடுகிறார்கள். அதனால் எல்லாருடைய கேள்விகளையும் எழுதி அனுப்பச் சொன்னேன். பதில்கள் இதோ.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அம்மா: டாக்டர், பெண் பதினோராம் வகுப்பு. மூன்று பிளஸ் நாலு என்றால் ஒரு வருஷப் பாடத்தை விட்டுவிடுகிறார்களா?

விடுவதில்லை அம்மா. ஒரே வருஷத்தை இரண்டு கணக்கில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். வழக்கமான பாதையில் நாலு வருஷம் இளங்கலை முடித்து, அப்புறம் நாலு வருஷம் ஆப்டோமெட்ரி. இந்தத் திட்டத்தில் மூன்றாம் வருஷம் முடிந்ததும் ஆப்டோமெட்ரி கல்லூரிக்குப் போய்விடுவார்கள். அங்கே முதல் வருஷம் படிக்கும் ஒளியியல், கண்ணின் உடற்கூறு, உடலியங்கியல் எல்லாவற்றின் கிரெடிட்டும் (பாட மதிப்பும்) பழைய கல்லூரிக்குத் திரும்பிப் போய், இளங்கலையின் நாலாம் வருஷமாகக் கணக்காகும். பி.எஸ். பட்டம் அப்போதுதான் கைக்கு வரும்.

உங்கள் பக்கத்திலேயே மன்ஹாட்டன் 42-ஆவது தெருவில், பிரையன்ட் பார்க்குக்கு எதிரே, நியூ யார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் (சுனி) ஆப்டோமெட்ரி கல்லூரி இருக்கிறது. அடெல்ஃபி, பேஸ் போன்ற பல கல்லூரிகளோடு அவர்களுக்கு ஒப்பந்தம் உண்டு. ஃபிலடெல்ஃபியா ஓரத்தில் எல்கின்ஸ் பார்க்கில் 1919-இல் தொடங்கிய பென்சில்வேனியா ஆப்டோமெட்ரி கல்லூரி. சாலஸ் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இருந்தது, இப்போது டிரெக்ஸலோடு சேர்ந்துவிட்டது. செயின்ட் லூயிஸில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இளங்கலையும் ஆப்டோமெட்ரியும் ஒரே இடத்தில். ஒப்பந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். கல்லூரி சொல்வதை மட்டும் நம்பாமல், ஆப்டோமெட்ரி கல்லூரியின் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அதே அம்மா: அப்போ பன்னிரண்டாம் வகுப்பிலேயே சீட் உறுதிதானே?

இல்லை. ரயிலில் ஆர்.ஏ.சி. டிக்கெட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறலாம், படுக்கை உறுதி ஆக வேண்டும். ஜி.பி.ஏ. என்கிற மதிப்பெண் சராசரி இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது, அறிவியல் பாடங்களில் சி-க்குக் கீழே வரக் கூடாது, நுழைவுத் தேர்வில் இவ்வளவு வாங்க வேண்டும், நேர்காணலில் தேற வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். சில இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். சில இடங்களில் கல்லூரி முதல் இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

டாலஸிலிருந்து ஓர் அப்பா: பையன் ஏ.பி. என்கிற கல்லூரி நிலைப் பாடங்கள் ஆறைப் பள்ளியிலேயே முடித்துவிட்டான். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் எல்லாம் ஐந்துக்கு ஐந்து. அந்த கிரெடிட் இருந்தால் மூன்று வருஷம் சுலபம்தானே?

சார், இந்தத் திட்டத்தில் ஆட்கள் வழுக்கி விழும் இடமே இதுதான். கல்லூரி ஏ.பி. கிரெடிட்டை ஒத்துக்கொண்டு 'பயாலஜி முதல் வருஷம் முடிந்தது' என்று எழுதிவிடும். ஆப்டோமெட்ரி கல்லூரியோ அதே பயாலஜியை ஏ.பி. மூலம் ஏற்காமல் போகலாம். ஏற்கிற கல்லூரியும், அதற்குப் பதிலாக மேல்நிலைப் பாடம் ஒன்று படித்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். பையன் மூன்றாம் வருஷம் நடுவில் முதல் வருஷ லேபுக்கு ஓடிக்கொண்டிருப்பான்.

ஏ.பி. கிரெடிட்டை வரலாறு, ஆங்கிலம், பொருளாதாரம் மாதிரிப் பொதுப் பாடங்களில் தீர்த்துவிடுங்கள். அங்கேதான் அது தங்கம். மூன்று வருஷத்தில் இடிப்பது அறிவியல் பாடங்கள் அல்ல, பட்டத்துக்கான இந்தப் பொதுப் பாடங்கள்தான். அறிவியலைக் கல்லூரியிலேயே லேபோடு படிக்கட்டும். கோடையில் கம்யூனிட்டி காலேஜில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், முதலில் ஆப்டோமெட்ரி கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் 'ஓகே'ன்னு சொன்னது எல்லாம் கணக்கில் வராது.

பிங்காம்டனில் இரண்டாம் வருஷம் படிக்கும் தம்பி: அக்கா, ஓ.ஏ.டி. நுழைவுத் தேர்வை எப்போ எழுதுவது? பிசிக்ஸ் இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது.

இரண்டாம் வருஷம் முடிந்த கோடையில் எழுதிவிடு தம்பி. விண்ணப்பங்கள் ஆப்டம்கேஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகக் கோடையில் திறக்கும். இடம் நிரம்ப நிரம்ப ஆட்களை எடுத்துக்கொண்டே போவார்கள், தள்ளிப்போட்டால் நஷ்டம் உனக்குத்தான்.

தேர்வில் நாலு பகுதி. இயற்கை அறிவியலில் பயாலஜி 40, பொது வேதியியல் 30, ஆர்கானிக் 30 என்று 100 கேள்விகள், 90 நிமிஷம். அப்புறம் வாசிப்பு, பிசிக்ஸ், கணிதம். பல் மருத்துவத்துக்கான தேர்வில் பிசிக்ஸ் கிடையாது, இதில் தனிப் பகுதியாகவே உண்டு. கண்ணாடி போட்டுவிடுகிற தொழிலில் ஒளியியலை விட முடியுமா? பாதிதான் முடிந்திருக்கிறது என்றால் ஒளி, லென்ஸ், கண்ணாடி பற்றிய அத்தியாயங்களை நீயாகவே முன்கூட்டிப் படி. அந்தப் படிப்பு தேர்வோடு போகாது, முதல் வருஷ வகுப்பிலும் கைகொடுக்கும்.

சிகாகோவிலிருந்து: ஒரு வருஷம் குறைந்தால் பணம் எவ்வளவு மிச்சம்? கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும்.

இளங்கலையின் ஒரு வருஷக் கட்டணம் மிச்சம். கூடவே ஒரு வருஷம் முன்னதாகச் சம்பாதிக்கத் தொடங்குவீர்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி ஆப்டோமெட்ரிஸ்டின் இடைநிலைச் சம்பளம் வருஷத்துக்கு 1,30,000 டாலருக்குச் சற்று மேல். ஆனால் இளங்கலைக் கல்லூரி முழு உதவித்தொகை கொடுத்திருந்தால் அந்த முதல் மிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நாலாம் வருஷம் இலவசமாகப் படிப்பதை விட்டுவிட்டு அவசரமாக ஆப்டோமெட்ரி கட்டணம் கட்டப் போகிறீர்கள். அந்த உதவித்தொகை உங்கள் பின்னால் வராது.

கடன் விதி மாறியிருக்கிறது, இதைக் கவனியுங்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற, மேல்படிப்புக்கான மத்திய அரசுக் கடன் கிடையாது. ஆப்டோமெட்ரி தொழிற்படிப்பு வகையில் வருவதால் மத்திய அரசின் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் வரை. பெரிய நகரத்தில் தனியார் கல்லூரி என்றால் கட்டணமும் வீட்டு வாடகையும் சேர்ந்து 50,000-ஐத் தாண்டிவிடும். மீதிக்குத் தனியார் வங்கி, அல்லது அப்பா அம்மா. சொந்த மாநிலத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு வருஷம் குறைவதைவிட அதில் மிஞ்சுவது அதிகமாக இருக்கலாம்.

சான் ஹோசேயிலிருந்து ஓர் அப்பா: மகள் எச்-4 விசாவில், அதாவது என் வேலை விசாவைச் சார்ந்த குடும்ப விசாவில் இருக்கிறாள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். இவளுக்கு இது ஒத்துவருமா?

படிப்பு ஒத்துவரும். விசாவும் பணமும்தான் சிக்கல். 21 வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். பதினெட்டில் கல்லூரி சேர்ந்தால், ஆப்டோமெட்ரி கல்லூரிக்குள் கால் வைக்கும் அதே சமயத்தில் அந்த வயதும் வந்து நிற்கும். மேலே சொன்ன மத்தியக் கடன் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். தனியார் வங்கிகள் பெரும்பாலும் உள்ளூர் ஜாமீன் கேட்கும். விசா வழக்கறிஞரிடம் மூன்றாம் வருஷத்தில் போகாதீர்கள், இப்போதே போங்கள் சார்.

ஒரு தங்கை, ஊர் போடவில்லை: அக்கா, வீட்டில் எல்லாரும் 'எம்.டி. படிக்காமல் கண்ணாடிக் கடை வைக்கப் போறியா' என்கிறார்கள்.

என் பெரியப்பா இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறார். போன தீபாவளிக்கு அவர் கண்ணில் அழுத்தம் அதிகம் என்று கண்டுபிடித்துச் சொன்னது நான்தான், ஆனாலும் கடைதான்.

கண் அறுவை சிகிச்சை செய்கிறவர் ஆஃப்தால்மாலஜிஸ்ட்; எம்.டி. முடித்து அப்புறம் பல வருஷப் பயிற்சி. ஃபிரேமில் கண்ணாடி பொருத்திக் கொடுக்கிறவர் ஆப்டிஷியன். நாங்கள் நடுவில். பார்வையைச் சோதிப்பது, கான்டாக்ட் லென்ஸ், கண் நோய்களைக் கண்டுபிடிப்பது, மருந்து எழுதுவது எங்கள் வேலை. கண் அழுத்த நோயான கிளாகோமாவுக்கு நாங்கள் மருந்து எழுதக் கடைசி வரை தடை வைத்திருந்த மாநிலம் மாசச்சூசெட்ஸ். அங்கும் 2021-இல் அனுமதி வந்துவிட்டது. ஓக்லஹோமாவில் 1998-லிருந்தே சில லேசர் சிகிச்சைகளுக்கு அனுமதி, கென்டக்கியில் 2011-லிருந்து. ஆக, என்ன செய்யலாம் என்பது நீ எந்த மாநிலத்தில் உட்காருகிறாய் என்பதைப் பொறுத்தது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். மனதுக்குள் அறுவை சிகிச்சைதான் வேண்டும் என்று இருந்தால் இந்தத் திட்டத்தில் சேராதே. மூன்று வருஷத்தில் மனசு மாற நேரமே இருக்காது.

சென்னையில் பி.ஆப்டம் முடித்தவர்: மேடம், நான் அங்கே வந்து நேராகப் பிராக்டிஸ் செய்ய முடியுமா?

முடியாது. இங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் ஓ.டி. பட்டம் வேண்டும், தேசிய வாரியத் தேர்வுகள் வேண்டும், அப்புறம் மாநில உரிமம். நாலு வருஷமும் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. பாஸ்டனில் 1894-இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து ஆப்டோமெட்ரி கல்லூரியில், வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்றே சுருக்கமான பாதை உண்டு. சங்கர நேத்ராலயாவின் எலீட் ஆப்டோமெட்ரி பள்ளி 1985-இல் நாலு வருஷப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்ததிலிருந்து நம் ஊர் ஆட்களின் கைத்திறனுக்கு இங்கே நல்ல மரியாதை. கண்ணின் பவரை அளக்கும் ரெட்டினோஸ்கோப்பைக் கையில் கொடுத்தால் இங்கத்திய மாணவர்களைவிட வேகமாகப் பார்த்துவிடுவீர்கள். தேர்வுக்கட்டணமும் விசாவும்தான் தலைவலி.

ஆஸ்டினிலிருந்து: இருபத்தொரு வயதில் போய்ச் சேர்ந்தது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா?

இருந்தது. வகுப்பில் நான்தான் சின்னவள். பாடம் பயமுறுத்தவில்லை, லேப்தான். எங்களுக்கு நாங்களே நோயாளி. தோழிக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, 20 டயாப்டர் சக்தியுள்ள லென்ஸை இரண்டு விரலில் பிடித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் எனக்குத் தெரிந்தது வெறும் ஆரஞ்சு வெளிச்சம். லென்ஸைக் கொஞ்சம் பின்னால் இழுத்த ஒரு நொடியில் பார்வை நரம்பின் வட்டு, நிலா மாதிரி வந்து நின்றது. 'வந்துடுச்சு' என்று தமிழில் கத்திவிட்டேன். அதிலும் பிம்பம் தலைகீழ், இடவலமும் மாறித் தெரியும். வரையும்போது தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது ஒரு சீனியர். தோழி அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைத் திட்டினாள்.

கடைசியாக ஒருவர்: திட்டத்தில் உங்களுக்கு எங்காவது அடி விழுந்ததா?

விழுந்தது. ஆப்டோமெட்ரி முதல் வருஷம் முடிந்ததும் மதிப்பெண் பட்டியலை இளங்கலைக் கல்லூரிக்கு யார் அனுப்புவது? அவர்கள் அனுப்புவார்கள் என்று நான் இருந்தேன், நான் அனுப்புவேன் என்று அவர்கள் இருந்தார்கள். அனுப்பிய பிறகும், கல்லூரி அலுவலகத்தில் ஒரு பாடத்தை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் கோப்பைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். பி.எஸ். பட்டம் ஒரு வருஷம் தள்ளி வந்தது. அதுவரை நான் ஆப்டோமெட்ரி இரண்டாம் வருஷ மாணவி, காகிதப்படி பிளஸ் டூ. முதல் வருஷத்திலேயே நான் தோற்றிருந்தால் இரண்டு பட்டமும் இல்லாமல் நின்றிருப்பேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால் கிளம்பும் முன்பே, எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடு என்ற பட்டியலில் ஆலோசகரின் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, அம்மாவுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். என் அம்மா அதை நகைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.